காணொளியை எந்த இடத்தில் நிறுத்துவது?

வகுப்பறையில் காணொளி காட்டுவது இன்று யாருக்கும் புதுமையாகத் தோன்றுவதில்லை. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. கைப்பேசியில் அவற்றைக் காட்டினால் பாடத்துக்குரிய காணொளி திறந்துகொள்கிறது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தனக்கென ஒரு யூடியூப் அலைவரிசை வைத்திருக்கிறது. 2023இல் மணற்கேணி என்ற பாடக் காணொளிச் செயலியும் வந்தது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் விரிவுரைகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் காணக் கிடைக்கின்றன. ஆகவே, காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று இன்று எந்த அறிவியல் ஆசிரியரும் சொல்ல முடியாது. கிடைப்பதை வைத்து முக்கால் மணி நேரப் பாடவேளையில் என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் எங்களுக்குக் கிடைக்கும் பயிற்சிகளில் போதிய விடை இல்லை.

நான் அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் அறிவியல் கற்பிக்கிறேன். இந்த ஆண்டுகளில் நான் உறுதியாக நம்பத் தொடங்கியிருப்பது இதுதான்: ஒரு காணொளி எவ்வளவு அழகாக, எவ்வளவு தெளிவாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பது இரண்டாம் பட்சம், அதை ஓடவிடுவதற்கு முன் ஆசிரியர் மாணவரிடம் என்ன கேட்டார், ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த இடத்தில் நிறுத்தினார் என்பவைதாம் மாணவர் கற்றாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இந்த நம்பிக்கைக்கு ஓர் ஆய்வும் துணை நிற்கிறது. வெரிடாசியம் என்ற புகழ்பெற்ற அறிவியல் அலைவரிசையை நடத்தும் டெரக் முல்லர், அதைத் தொடங்குவதற்கு முன் சிட்னி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தல் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். அந்த ஆய்வேடு 2008இல் முடிந்தது. நியூட்டனின் விதிகளைப் பற்றித் தெளிவாக, பிழையின்றி, சுருக்கமாக விளக்கும் காணொளியை மாணவர்களுக்குக் காட்டி, காட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒரே தேர்வை வைத்தார். பார்த்தவர்கள் அது எளிதாகவும் தெளிவாகவும் இருந்ததாகச் சொன்னார்கள். ஆனால் மதிப்பெண் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. அதைவிடக் கவலை தருவது, தங்கள் தவறான விடைகளின் மீது அவர்கள் வைத்திருந்த உறுதி கூடியிருந்தது என்பதாகும். இன்னொரு வகைக் காணொளியில் இரண்டு பேர் உரையாடுகிறார்கள். ஒருவர் மாணவர்கள் வழக்கமாகக் கொண்டிருக்கும் தவறான கருத்தைச் சொல்கிறார், மற்றவர் கேள்வி கேட்டு அதை ஆராய்கிறார். அதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். ஆனால் அவர்களுடைய மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது.

ஏன் இப்படி என்பதை ஒரே ஒரு கேள்வியால் எந்த வகுப்பிலும் பார்த்துவிடலாம். ஒரு பந்தை நேர்மேலே எறிகிறோம். அது கையை விட்டுப் போய், மேலேறிக்கொண்டிருக்கும்போது அதன் மீது எந்தெந்த விசைகள் செயல்படுகின்றன என்று கேளுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் உட்படப் பெரும்பாலானோர், மேல்நோக்கி ஒரு விசையும் கீழ்நோக்கி ஈர்ப்பு விசையும் இருப்பதாகவும், மேல்நோக்கிய விசை கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோவதால் பந்து நின்று திரும்புவதாகவும் சொல்வார்கள். கையை விட்ட பிறகு, காற்றுத்தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஈர்ப்பு விசை ஒன்றுதான் இருக்கிறது என்பது அவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கிறது. இந்த மாணவருக்கு "புறவிசை செயல்படாத வரை பொருள் தன் நிலையில் தொடரும்" என்று ஒரு காணொளி அழகாகச் சொல்லும்போது, தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது சொல்கிறது என்று அவர் எண்ணிக்கொள்கிறார். தன் கருத்துக்கும் திரையில் வரும் கருத்துக்கும் முரண் இருப்பது அவர் கண்ணில் படுவதே இல்லை. முரண்பாட்டை உணராதவர் கருத்தை மாற்றிக்கொள்ளத் தேவை எதுவும் இல்லையே.

அதனால் நான் எந்தக் காணொளியையும் முதலில் மாணவரின் ஊகத்தை எழுதி வாங்காமல் ஓடவிடுவதில்லை. வாய்வழி விடை போதாது. வாய்வழி விடை கேட்டால் முதல் வரிசையில் இருக்கும் இருவர் சொல்வதையே மற்ற அனைவரும் ஏற்றுக்கொள்வார்கள். கடைசி வரிசை தலையாட்டும். அறிவியல் குறிப்பேட்டில் ஒரு வரி, ஒரு படம், ஒரு காரணம்: அவ்வளவுதான். எழுதிய பிறகு பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பேச இரண்டு நிமிடம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து வளர்த்தெடுத்த சகமாணவர் வழிக் கற்றல் முறையின் சாரமும் இதுவே. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, ஆசிரியர் பொறுமையாக இருந்தால் போதும். எழுதிவிட்ட பிள்ளை திரையைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கிறது. தான் சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ளும் தவிப்பு அதில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். 1971ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், அப்பல்லோ 15 பயணத்தின் தளபதி டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு, ஒரு கையில் சுத்தியலையும் மறுகையில் ஒரு வல்லூறின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். சுத்தியலின் நிறை 1.32 கிலோகிராம், இறகு 30 கிராம். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அந்தப் பதிவு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே ஓடக்கூடியது. நாசா வெளியிடும் பதிவுகள் பெரும்பாலும் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாதவை என்பதால் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். இதை நேரடியாகப் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் வியப்பார்கள், கைதட்டுவார்கள், அடுத்த பாடவேளைக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள். நான் ஸ்காட் இரண்டு கைகளையும் நீட்டி நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறேன். எது முதலில் விழும்? நிலவில் ஈர்ப்பு இருக்கிறதா இல்லையா? இந்த இரண்டாவது கேள்வியில்தான் வகுப்பு பிளந்துகொள்கிறது. நிலவில் ஈர்ப்பே இல்லை, எனவே இரண்டும் மிதக்கும் என்று எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். காற்று இல்லாத இடத்தில் ஈர்ப்பும் இருக்காது என்று காரணமும் சொல்கிறார்கள். காற்றும் ஈர்ப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற எண்ணம் அவர்களுக்குள் இருப்பது இந்த நிறுத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

பிறகு ஓடவிடுகிறேன், ஆனால் ஒலியை நிறுத்திவிட்டு. ஆங்கிலப் பேச்சு புரியாத பிள்ளைகளுக்கு அது தடையாகிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். பார்த்ததைத் தமிழில் அவர்களே சொல்ல வேண்டும் என்பது முதன்மையான காரணம். மூன்றாவது முறை ஓடவிடும்போது நேரத்தை அளக்கச் சொல்கிறேன். கணினியில் யூடியூபை இடைநிறுத்தியபின் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் படம் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) முன்னும் பின்னும் நகரும் என்பதை ஆசிரியர்கள் பலர் அறிந்திருப்பதில்லை; அறிவியல் வகுப்புக்கு இதைவிடப் பயனுள்ள வசதி அந்தத் தளத்தில் இல்லை என்றே சொல்வேன். பொருள்கள் சுமார் 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றன. நிலவின் ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 1.62 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விழ ஆகும் நேரம் சுமார் 1.4 வினாடி வர வேண்டும். புவியில் அதே உயரத்துக்கு அரை வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். மாணவர்கள் அளந்த நேரத்தை வைத்து முடுக்கத்தைக் கணக்கிட்டு, அது புவியின் மதிப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு என்று கரும்பலகையில் வந்து எழுதும்போது, ஈர்ப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு அவர்களுடைய கைக்கணக்கே விடை சொல்லிவிடுகிறது. ஒரு நிமிடக் காணொளிக்கு ஒரு பாடவேளை முழுவதும் செலவாகிறது. அந்தச் செலவு தகும்.

காணொளியின் நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிலிப் குவோவும் உடன் ஆய்ந்தவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுத்தர அளவில் பார்வையாளர் தங்கும் நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. பார்த்துக்கொண்டிருப்பதும் கற்பதும் ஒன்றல்ல என்பதால் இந்த எண்ணை வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை. அங்கே பார்த்தவர்கள் வயது வந்தவர்கள், விரும்பிச் சேர்ந்தவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் அவர்களுக்கே ஆறு நிமிடம் என்றால், மதிய உணவுக்குப் பிறகு வரும் பாடவேளையில், மின்விசிறி ஓடும் இருட்டறையில், பதினான்கு வயதுப் பிள்ளைகளை அரை மணி நேரப் பாடப்பதிவின் முன் உட்கார வைப்பதில் என்ன பயன் இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நீண்ட பதிவுகளை நான் துண்டாக்கியே பயன்படுத்துகிறேன். முன்தினம் மாலையே பார்த்து, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று பாடக்குறிப்பில் எழுதிக்கொள்கிறேன். துண்டுகளுக்கு நடுவே சிறு வினா ஒன்றுக்கு எழுத்தில் விடை. சுபுனர், கான், ஷாக்டர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரையை நான்கு துண்டாக்கி ஒவ்வொன்றின் முடிவிலும் சிறுதேர்வு வைத்தபோது, மாணவர்களின் மனம் அலைவது குறைந்ததையும், அவர்கள் கூடுதலாகக் குறிப்பெடுத்ததையும், இறுதித் தேர்வில் நன்றாகச் செய்ததையும் கண்டார்கள். சிறுதேர்வு என்றால் மதிப்பெண் பதிவேடு தேவையில்லை. ஒரு வரி விடை போதும்.

எந்த அலைவரிசை நல்லது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பாடநூலை ஒட்டிச் செல்ல வேண்டுமென்றால் அரசின் தளங்களே போதுமானவை. சொல்வழக்கும் பாடநூலோடு பொருந்தும். கணக்கில் படிப்படியான விளக்கத்துக்குக் கான் அகாதெமி இன்றும் பயனுள்ளது. ஒன்றுவிட்ட சகோதரி ஒருவருக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய சல்மான் கான் 2006இல் யூடியூபில் பதிவேற்றத் தொடங்கியது அது. ஆசிரியர் தம் சொந்தத் தெளிவுக்காகப் பார்க்க என்.பி.டி.இ.எல். விரிவுரைகளைவிடச் சிறந்தவை குறைவு. அவற்றைப் பள்ளி மாணவருக்குக் காட்ட வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கும்போது நான் கவனிப்பது ஒன்றுதான்: பாடத்துக்குத் தேவையில்லாத அலங்காரம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது. பின்னணி இசை, பறந்து வரும் எழுத்துகள், பேசுவதையே அப்படியே திரையிலும் ஓடவிடுவது ஆகியவை கற்றலுக்கு இடையூறு என்பதைக் கலிபோர்னியாவில் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல்லாண்டுகளாகச் சோதனைகள் மூலம் காட்டி வந்திருக்கிறார். செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கும், பேச்சுமொழி அறிமுகமில்லாதவர்களுக்கும் வசன வரிகள் இன்றியமையாதவை என்பது இதற்கு விலக்கு.

ஆனால் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை அரவிந்த் குப்தாவின் காணொளிகள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து, 1970களில் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பங்கேற்று, பின்னர் புணேயில் குழந்தைகளுக்கான அறிவியல் மையம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றி, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அவர். தூக்கியெறியும் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யும் அவருடைய காணொளிகள் சிறியவை. பல மொழிகளில் குரல் கொடுக்கப்பட்டவை, தமிழிலும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எளிய மின்மோட்டார். ஒரு மின்கலம், இரண்டு ஊக்குகள், சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம், ஒரு சிறு காந்தம், எனாமல் பூசிய தாமிரக் கம்பி: இவ்வளவே தேவை. ஒன்பதாம் வகுப்பில் காந்தவியல் மற்றும் மின்காந்தவியல் பாடம் வரும்போது இந்தக் காணொளியை நான் பாதியில் நிறுத்திவிடுகிறேன். சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பக்கம் மட்டுமே சுரண்ட வேண்டும். ஏன் என்று காணொளியைக் கேட்காமல் பிள்ளைகளைக் கேட்கிறேன். இரு முனைகளையும் முழுவதும் சுரண்டிய குழுவின் சுருள் ஆடி ஆடி நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் சுரண்டிய குழுவின் சுருள் சுழல்கிறது. அரைச் சுற்றில் மின்னோட்டம் தடைப்படாவிட்டால், காந்தவிசை சுருளை எதிர்த்திசையில் திருப்பிவிடும் என்பதைப் பாடநூலில் திசைமாற்றி என்ற தலைப்பில் படித்துப் புரிந்துகொண்டவரைவிட, சுரண்டிப் பார்த்து நின்றுபோன சுருளைக் கண்டவர் நன்றாகப் புரிந்துகொள்கிறார். பார்த்தவுடன் திரையை அணைத்துவிட்டுக் கையால் செய்யத் தூண்டுகிற காணொளிக்கே வகுப்பறையில் முதலிடம் தர வேண்டும் என்பேன்.

இதே காரணத்தால், செய்யக்கூடிய சோதனையைக் காணொளியாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. எலுமிச்சைச் சாற்றில் நீல லிட்மஸ் சிவப்பாவதைத் திரையில் காட்டும் பள்ளிகள் இருக்கின்றன. எலுமிச்சை கடையில் கிடைக்கிறது. லிட்மஸ் தாள் ஆய்வக அலமாரியில் இருக்கிறது. பிள்ளையின் விரல் நனைய வேண்டிய இடத்தில் திரையை வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. மாறாக, இதய வால்வுகள் திறந்து மூடுவதையும், வேரிலிருந்து இலை வரை நீர் ஏறுவதையும், அணுக்கருப் பிளவின் தொடர்வினையையும் எந்த ஆய்வகத்தாலும் பிள்ளையின் கண்முன் கொண்டுவர முடியாது. காணொளிக்குரிய இடம் அங்கே இருக்கிறது. பத்தாம் வகுப்பு விலங்குகளின் சுற்றோட்டப் பாடத்தில், இரண்டு நிமிட அசைவூட்டப் படத்தை ஒலியின்றி ஓடவிட்டு, வலது வெண்ட்ரிக்கிள் சுருங்கும் கணத்தில் நிறுத்தி, இப்போது எந்த வால்வு மூடியிருக்கிறது, இரத்தம் எங்கே போகிறது என்று கேட்டால், படம் வரைந்து பாகம் குறித்த பல நாள் பயிற்சி தராத தெளிவு பிறக்கிறது.

தமிழில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கைத் தமிழ் ஆசிரியர்களின் பாடங்கள் பல மிகச் சிறப்பாக இருக்கின்றன; ஆனால் அங்கே திணிவு என்பதைத்தான் நாம் நிறை என்கிறோம், அவர்கள் நிறை என்பது நமது எடை. முடுக்கம் அங்கே ஆர்முடுகல். முன்னறிவிப்பின்றிக் காட்டினால், கிலோகிராமில் அளக்க வேண்டியதை நியூட்டனில் அளக்கப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு வருவார்கள். கரும்பலகையில் இரண்டு வழக்குகளையும் அட்டவணையாக எழுதிவிட்டுத் தொடங்கினால் இந்த இடர் தீர்ந்துவிடுகிறது.

வீட்டில் பார்க்கச் சொல்லலாமா என்பது கடினமான கேள்வி. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து வேதியியல் ஆசிரியர்கள் ஜொனத்தன் பெர்க்மனும் ஏரன் சாம்ஸும் 2007ஆம் ஆண்டையொட்டி, விரிவுரையைக் காணொளியாக்கி வீட்டில் பார்க்கச் சொல்லிவிட்டு, வகுப்பு நேரத்தைக் கணக்குகளுக்கும் சோதனைகளுக்கும் ஒதுக்கும் முறையைப் பரப்பினார்கள். எண்ணம் மிக நல்லது. ஆனால் என் மாணவர்களில் பலர் வீட்டில் கைப்பேசி ஒன்றுதான். அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறது. திரும்பி வரும்போது அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும், தங்கைக்கும் அதுவே தேவைப்படும். இந்த வீட்டுப் பிள்ளையிடம் "நேற்று அனுப்பிய காணொளியைப் பார்த்தாயா" என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்பது, அந்த வீட்டின் வருமானத்தைக் கேட்பதற்குச் சமம். எனவே பார்ப்பதை நான் பள்ளிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் காலியாக இருக்கும் பாடவேளைகளிலும், மாலையில் பள்ளி விட்ட பின்னும், விரும்பும் பிள்ளைகள் குழுவாக அமர்ந்து பார்க்கிறார்கள். ஒருவர் நிறுத்தும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். வீட்டில் பார்த்தவருக்குக் கூடுதல் பயன் உண்டு, பார்க்காதவருக்கு இழப்பு இல்லை என்ற வகையிலேயே பாடத்தை அமைக்கிறேன்.

காணொளி மட்டும் போதாது என்பதைப் பெருந்தொற்றுக் காலம் பெரிய அளவில் எல்லோருக்கும் காட்டியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின், கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் வீடுகளுக்குள் சென்றன. அந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் பல வீடுகளில் அந்த மாதங்களில் பாடம் என்ற பேச்சே இருந்திருக்காது. அதை ஆக்கித் தந்த ஆசிரியர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் தொலைக்காட்சியிடம் கேள்வி கேட்க முடியாது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்களைத் தெருத்தெருவாகப் பிள்ளைகளிடம் அனுப்பியது. ஒளிபரப்பால் முடியாததை, எதிரே அமர்ந்து பிள்ளையின் நோட்டைப் பார்க்கும் ஒரு மனிதரால்தான் செய்ய முடியும் என்று அரசே உணர்ந்து எடுத்த முடிவாகவே அதை நான் பார்க்கிறேன். இந்த அனுபவம் நமக்குப் புதியதும் அல்ல. 1975-76இல் அமெரிக்க ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையோடு ஆறு மாநிலங்களின் 2400 சிற்றூர்களில் இந்தியா நடத்திய சைட் எனப்படும் தொலைக்காட்சிக் கல்விச் சோதனை உலகம் வியந்து பார்த்த ஒன்று. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடு தழுவிய வகுப்பறை தூர்தர்ஷனில் வந்தது. ஒவ்வொரு முறையும் ஊடகம் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்த பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது உள்ளூர் ஆசிரியரின் வேலையாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது.

நடைமுறைச் செய்திகள் சில. தானாக அடுத்த காணொளி ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். வயதுக்குப் பொருந்தாதவற்றை வடிகட்டும் யூடியூபின் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறையை இயக்கிவையுங்கள். விளம்பரம் எங்கே குறுக்கிடும் என்பது முன்கூட்டியே தெரியாது என்பதால் திரையின் ஒளியை மறைத்துவைத்துத் தொடங்குங்கள். இணையம் நின்றுபோனாலும் வகுப்பு நிற்காதபடி, அரசுத் தளங்களிலும் யூடியூப் செயலிக்குள்ளும் அனுமதிக்கப்பட்ட இடங்களில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கற்பித்தலின்போது செய்யும் பயன்பாட்டுக்கு விலக்கு அளிக்கிறது. அதற்காக இன்னொருவர் உழைத்து எடுத்த காணொளியை வெட்டித் தம் பெயரில் மறுபதிவேற்றம் செய்வது சரியாகிவிடாது.

பொதுத்தேர்வு நெருங்கும்போது பெருகும் ஒரு வகைக் காணொளியைப் பற்றி எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. "இந்த ஐந்து வினாக்களைப் படித்தால் போதும்" என்று உறுதியளிப்பவை அவை. மெல்லக் கற்கும் பிள்ளைகள்தாம் அவற்றை முதலில் நம்புகிறார்கள். நம்பி மற்ற பாடங்களை மூடிவைக்கிறார்கள். வினாத்தாளில் அவை வராதபோது ஏமாற்றம் அவர்களுக்கு மட்டுமே. தேர்வுக்கு முந்தைய மாதத்தில், அத்தகைய காணொளி ஒன்றை வகுப்பிலேயே போட்டு, கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களோடு பிள்ளைகளையே ஒப்பிடச் சொல்வது நான் பின்பற்றும் வழி. அறிவுரை சொல்வதைவிட அந்த ஒப்பீடு அவர்களிடம் நன்றாக எடுபடுகிறது.

இந்த ஆண்டு பிள்ளைகளே காணொளி எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது சாதாரணக் கைப்பேசிகளில்கூட மெதுவியக்கப் பதிவு வசதி இருக்கிறது. ஒரு குழு, நோட்டுப் புத்தகத்தையும் ஒரு தாளையும் தனித்தனியே கீழே விட்டு எடுத்தது. பிறகு தாளை நோட்டின் மேலேயே வைத்து விட்டபோது இரண்டும் ஒன்றாக விழுந்தன. உடனே இன்னொரு குழு, நோட்டு தன் பின்னால் காற்றை இழுத்துக்கொண்டு போவதால் தாளும் கூடவே போகிறது, அதனால் இது சான்றாகாது என்று மறுத்தது. அந்த மறுப்பு சரியானது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து அது வந்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. தாளை இறுகக் கசக்கி உருண்டையாக்கி, நோட்டுக்கு அருகில் தனியே விட்டு, சட்டம் சட்டமாக எண்ணிப் பார்த்த பிறகே இரு குழுக்களும் உடன்பட்டன.

இந்தப் பதிவுகளைப் பொதுவெளியில் ஏற்றுவதில்லை என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறோம். முகங்கள் வராமல், கைகளும் பொருள்களும் மட்டும் தெரியும்படி எடுத்து, பாட எண்ணைக் கோப்பின் பெயராக இட்டு ஆய்வகக் கணினியில் சேர்த்து வைக்கிறோம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் குழு தன் ஊகத்தைச் சொல்கிறது. ஊகம் தவறாகிப்போன குழுக்கள் அந்தப் பகுதியை வெட்டிவிடலாமா என்று கேட்டன. வேண்டாம் என்றேன். அடுத்த ஆண்டு அதே பெஞ்சில் உட்காரும் பிள்ளையும் அதையேதான் நினைத்துக்கொண்டு வரப்போகிறது. தன்னைப் போலவே நினைத்த ஓர் அண்ணனின் குரலை அது முதலில் கேட்கட்டும், அந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.